சொந்த ஊரில் ஊதிய விசில்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கபடி மேட் வந்து இறங்கியது. கட்டைப் பிரித்ததுமே புது ரப்பர் வாடை மூக்கில் ஏறிற்று. மழை நாளில் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாடை. சதுரம் சதுரமான துண்டுகளைப் பல்லோடு பல் கோத்து மைதானத்தின் ஒரு பக்கத்தை மூடினோம். வேடிக்கை பார்க்க வந்த கணக்கு டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நாலு நடை நடந்து பார்த்தார். “இது எல்லா ஊர்லயும் இப்டியேதான் இருக்குமா டீச்சர்?” என்று கேட்டார். “ஆமா, எங்க போனாலும் இதேதான்” என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

“கால் தரையை நம்பணும்டி. அப்புறம்தான் ஆட்டம்” என்பாய். எல்லா ஊர்க் காலும் ஒரே மாதிரி நம்பக்கூடிய தரை வந்துவிட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நீ இருந்தபோதும் நான் உனக்குப் போன் போட்டுப் பேசியதில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் கல்லூரி டீமில் நீ பாடிப் போகிற ரெய்டர், நான் ஓரத்தில் நின்று பிடிக்கிற கார்னர். நீ கிளியனூர்ப் பக்கத்துக் கிராமம்; நெல்லும் மல்லாட்டையும் போடுகிற வீடு. நான் மரக்காணத்து உப்பளக் கரை. ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் ‘உடம்பு சரியில்லையா’ என்று தெருவே வந்து கேட்கிற ஊர். வகுப்பில் நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பழக்கமெல்லாம் பஸ்ஸில் வந்ததுதான். வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற பஸ்.

பெரிய முதலியார்சாவடி ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. முந்தின வாரம் அதே டீமை நம் கல்லூரி மைதானத்தில் சுருட்டி அனுப்பியிருந்தோம். அந்தத் தெம்பில் போனோம். இரண்டு பஸ் மாறி, பாதி தூரம் நின்றுகொண்டே பயணம். போய்ப் பார்த்தால் களத்தில் கடல் மணல் கலந்திருந்தது. வைத்த காலை உள்ளே இழுத்தது. நீ முதல் ரெய்டிலேயே சறுக்கினாய். அந்தப் பெண்கள் அதே மணலில் சிட்டு மாதிரி ஓடினார்கள். மானம் போகிற மாதிரி தோற்றோம். திரும்பும்போது கூனிமேட்டில் இறங்கி டீ குடித்தோம். நீதான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தாய்.

“போன வாரம் நம்மகிட்ட தோத்தவளுங்கதானே இவளுங்க? ஒரு வாரத்துல என்னா மாறிச்சு?”

“மண்ணு” என்றேன்.

“மண்ணு சரி. பஸ்ஸு? அவளுங்க ஊட்ல சோறு துன்னுட்டு, தூங்கி எழுந்து வந்தாளுங்க. நாம கம்பியப் புடிச்சிக்கினு தொங்கிக்கினு வந்தோம்.”

“அதுவும்தான்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த பாய் சிரித்தார். “நம்ம தெருவுல ஒருத்தன் வந்து நம்மள அடிச்சிட்டுப் போனா உடுவோமாம்மா? அந்த ரோஷம்தான்” என்றார்.

நீ அதையும் ஏற்றுக்கொண்டாய். ஆனால் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். “மண்ணு, பஸ்ஸு, ரோஷம் எல்லாத்தயும் கூட்டினாலும் இவ்ளோ வராதுடி. இன்னும் இன்னாமோ ஒண்ணு இருக்குது.”

அந்த இன்னாமோ ஒண்ணைத் தேடுவது உனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. எங்கே ஆட்டம் நடந்தாலும் யார் சொந்த ஊர், யார் வெளியூர் என்று பார்ப்பாய். டாஸ் ஜெயித்த ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், சாயங்கால வெயில் யார் கண்ணில் விழுகிறது என்று பார்ப்பாய். எங்கள் ஊருக்கு முதல் தடவை வந்தபோது களத்தில் விழுந்து முழங்கால் தேய்ந்தது. உப்பு ஊறின மண். நீ துள்ளிக் குதித்தாய். எங்கள் பெண்களுக்கு அது பழகின எரிச்சல். தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். “உங்க ஊரு மண்ணே வெளியூர்க்காரியக் கடிக்குதும்மா” என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். அம்மா காலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, மீன் குழம்பு ஊற்றி உன்னைச் சாப்பிட வைத்தார்.

கல்லூரி முடிகிற வருஷம் என் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இனி ஆட முடியாது என்றார்கள். நான் அழுதுகொண்டு கிடந்தபோது நீதான் அம்பயர் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாய். “ஆடத்தானே கூடாது, களத்துல நிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?” பாஸானதும் என் பெயரை விட்டுவிட்டு ‘விசிலு’ என்று கூப்பிட ஆரம்பித்தாய். நான் பிறகு பி.டி. டீச்சர் வேலைக்கு வந்தேன். நீ கம்பெனி வேலைக்குப் போனாய். ஷிப்ட் முடிந்து வந்து, உன் ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு டீம் நடத்தினாய். அதற்கு நீதான் கேப்டன்.

நீ தேடின பதில் ஒரு நாள் கிடைத்தது. நான் அம்பயராக நின்ற ஒரு ஆட்டத்துக்கு நீ சும்மா பார்க்க வந்திருந்தாய். முடிந்ததும் ஓடி வந்தாய்.

“கண்டுபுடிச்சிட்டேன்டி. கூட்டம் கத்தறப்போ ரெய்டு போறவளப் பார்த்தேன். மூச்சுப் புடிச்சிக்கினு கபடி கபடின்னு இருக்கா, அவளுக்கு எங்க கேக்கும்? அப்புறம் உன்னப் பார்த்தேன். ஒவ்வொரு வாட்டியும் கத்தறப்போ உன் தோளு தூக்கிப் போடுது. கூட்டம் ஆடறவ காதுல கத்தலடி. உன் காதுல கத்துது.”

எனக்குக் கோபம் வந்தது. “அப்போ நான் ஒரு பக்கமா ஊதறேன்னு சொல்றியா?”

“வேணும்னு ஊத மாட்ட. நீ நல்லவ. அதான் எனக்குப் பயமா இருக்குது. வேணும்னு பண்றவளுக்குத் தான் பண்றது தெரியும். உனக்குத் தெரியாமலே நடந்துடும்.”

இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். அப்புறம் நீயே வந்து பேசினாய்.

அடுத்த வருஷம் எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பெண்கள் கபடி வைத்தார்கள். உன் டீமும் வந்தது. பைனலில் எங்கள் ஊரும் உன் ஊரும் மோத வேண்டி வந்தது. என்னை அம்பயராக நிற்கச் சொன்னார்கள். சொந்த ஊர் ஆட்டத்துக்கு நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லவும் சொன்னேன். “ஆளு இல்லம்மா, நீ படிச்ச பொண்ணு, உனக்கு என்னா பயம்?” என்றார்கள். உன்னிடம் வந்து கேட்டேன். நீ காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாய். “நீ நின்னா எனக்கு நிம்மதிதான்” என்றாய். தலையைக்கூட நிமிர்த்தாமல், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்.

பிற்பகல் வெயில். உப்புப் பாத்திகளைத் தாண்டிக் கடல் காற்று வீச ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊர் முழுக்கக் களத்தைச் சுற்றி நின்றது. கூட்டம் நெருக்கி நெருக்கி என் முதுகில் மூச்சு விடுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. எந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஞானஸ்நானத்தில் என்னைத் தூக்கினவர், என்னோடு பாடற்குழுவில் நின்றவர்கள், என் அப்பா. உன் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆண்கள் வந்திருந்தார்கள். எந்தப் பக்கம் யார் நிற்பது என்பதில் ஏற்கெனவே ஒரு தள்ளுமுள்ளு ஆகியிருந்தது.

கடைசி ரெய்டு. நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். நீ வந்தாய். எங்கள் மேரி உன் கணுக்காலைப் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நீ நடுக்கோட்டுக்கு ஊர்ந்தாய். மூச்சு விடாமல் பாட்டு வந்துகொண்டே இருந்தது. உன் வலது கை நீண்டது. கோடு தொட்டால் மூன்று பேரும் அவுட். உங்களுக்கு மூன்று பாயிண்ட், ஆட்டம் உங்களுடையது. தொடாவிட்டால் எங்களுக்கு.

உன் விரல் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி விழுந்ததை நான் பார்த்தேன். அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னால் ஊரே “அவுட்டு!” என்று கத்தியது. என் விசில் ஊதிவிட்டது. நான் ஊதினேன் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் கை எப்போது வாய்க்குப் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நீ பயந்த மாதிரியே, எனக்குத் தெரியாமல் நடந்தது.

அதோடு நின்றிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்கிற அளவுக்குப் பெரிய குற்றமில்லை. மனுஷ காது, மனுஷ மூச்சு. ஆனால் அதற்குப் பிறகு சில நொடிகள் இருந்தன.

எதிர்ப் பக்கம் நின்ற அம்பயருக்கு விழுந்து கிடந்த உடம்புகள்தான் தெரிந்திருக்கும். ரெஃப்ரி வெளியூர்க்காரர், வயதானவர். என் பக்கம் திரும்பினார். “கன்ஃபார்மாம்மா?” என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். கோட்டின் வெள்ளை நடுவில் மூன்று விரல் இழுத்த தடம் தெளிவாக இருந்தது. தடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரை போயிருந்தது. ‘இல்லைங்க சார், தப்பா ஊதிட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். என் ஷூ அந்தத் தடத்தின் மேல் நின்றது. தலையை ஆட்டினேன்.

என் ஊர் என்னைத் தாண்டிக்கொண்டு களத்துக்குள் பாய்ந்தது. நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். உன் விரல்களைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். அப்புறம் கையை உன் பனியனில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டாய். புழுதியைத் துடைக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை நீ. வேனில் ஏறுவதற்கு முன் என் அம்மாவைத் தேடி வந்து, “வர்றேம்மா” என்றாய். என்னைப் பார்த்து, “காலு வலிக்குதா விசிலு? ரொம்ப நேரமா நின்னுக்கினே இருந்த” என்றாய். என் முழங்காலைத்தான் கேட்டாய்.

அதற்கப்புறம் நான் உன்னைத் தேடி வரவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்தாய். பள்ளிக்கூடத்தில் வேலை என்றேன். உன் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. சொந்த ஊர் ஆட்டத்துக்கு நிற்பதில்லை என்று மட்டும் ஒரு முடிவு எடுத்தேன். யார் கேட்டாலும் நேரமில்லை என்பேன். அதைப் பெரிய பரிகாரமாக நினைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டினேன்.

கொரோனா சமயத்தில் டிவியில் ஆளே இல்லாத மைதானங்களில் கால்பந்து ஆட்டம் காட்டினார்கள். நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. பந்து தரையில் படும் சத்தமும், ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தமும்தான். சொந்த ஊர் டீம்கள் வழக்கமான கெத்தில்லாமல், விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி ஆடின. நான் ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை. நடுவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவைகூடத் தூக்கிப் போடவில்லை. ‘நீ சொன்னது சரிதான்டி’ என்று உனக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். உன் எண்ணும் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தபோது நோய் முற்றிவிட்டிருந்தது. பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தேன். கட்டிலில் ஒரு கைப்பிடி அளவு ஆகியிருந்தாய். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தாய்.

“விசிலு! இன்னும் ஊதறியா?”

“ஊதறேன். மாவட்ட அளவுல கூப்புடறாங்க.”

“உங்க ஊர்ல?”

“ஊர்ல ஊதறதில்ல.”

“ஏன்?” என்றாய்.

ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கேள்வியைக் கேட்டுவிட்டு நீ காத்திருந்த விதம் எனக்குப் புரிந்தது. சொல்லிவிட்டுப் போ என்றுதான் கேட்டாய். உனக்காக அல்ல, எனக்காகக் கேட்டாய்.

“நேரமே இல்லடி” என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். “ஆமா, வாத்தியார் வேலைன்னா சும்மாவா” என்றாய். வாங்கிக்கொண்டு போயிருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து உன் வாயில் வைத்தேன். இரண்டு சுளை தின்றாய். பதினோரு நாளில் செய்தி வந்தது.

உன் ஊருக்கு நான் முதன்முதலில் வந்தது உன் சாவுக்குத்தான். மாலை போட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்றேன். ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீனா. அந்தப் பைனலில் உன் டீமில் லெப்ட் கார்னர் நின்றவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

“நீங்க வருவீங்கன்னு தெரியும் டீச்சர். அக்கா உங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாது” என்றாள். அழுதுகொண்டே பேசினாள். “அன்னிக்கு வேன்ல ஒரே சண்டை. அம்பயர் ஏமாத்திட்டா, திரும்பிப் போயி மண்டய ஒடைக்கலாம்னு ஆம்பளைங்க எல்லாம் எறங்கிட்டாங்க. கட்டை கிட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. அக்காதான் வழிய மறிச்சிக்கினு நின்னாங்க. ‘என் கை எட்டல. கோட்டுக்கு ஒரு வெரக்கடை முன்னாடியே நின்னுடுச்சு. விசிலு சரியாத்தான் குடுத்தா’ன்னாங்க. நான்கூட நம்பாம, கையைக் காட்டுக்கான்னேன். விரிச்சுக் காட்டினாங்க. சுண்ணாம்பே இல்ல.”

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

“அதுக்கப்புறம் எங்களுக்கெல்லாம் அக்கா மேல கோவம். எட்டாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு அவ்ளோ உள்ள போனாங்கன்னு. ஊர்ல ரொம்பப் பேசிட்டாங்க டீச்சர். கேப்டன் வேணாம்னு எடுத்துட்டாங்க. அடுத்த வருஷமே ஆடறத உட்டுட்டாங்க. நானும் பேசினேன். மூஞ்சிக்கு நேராவே பேசினேன்.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். உன் உடம்பு பத்தடி தூரத்தில் கிடந்தது. “சும்மா இரு, அழாதே” என்று மீனாவின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, மூன்றாவது முறையாகவும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மேரியைத் தேடிப் போனேன். உன் கணுக்காலைப் பிடித்தவள். உப்பளத்தில் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தடம், என் ஷூ, தலையாட்டல், எல்லாம்.

அவள் குழாயை மூடினாள். “எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்னா தெரியும்?”

“அவ கோட்டத் தொட்டது. காலு என் கையிலதான இருந்துச்சு. தொட்டதும் அவ ஒடம்பு தளர்ந்துச்சு. வந்து சேந்துட்டோம்னு உடுவாளே ஒரு மூச்சு, அது என் கைக்குத் தெரிஞ்சுது. நீ விசில் ஊதினதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.”

“அப்போ நீ ஏன் சொல்லல?”

“நீ அம்பயர். நீ சொல்லுவன்னு பார்த்தேன். அதுக்குள்ள எங்கப்பா என்னத் தூக்கித் தோள்மேல வச்சிக்கிட்டாரு. அவரு அதுக்கு முன்னாடி என்ன அப்டித் தூக்கினதே இல்லடி. அங்கருந்து எப்டி எறங்கி வந்து சொல்லுவேன்?”

இரண்டு பேரும் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நான் அவளுக்காகக் காத்திருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அவள் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். பக்கத்தில் நின்று பார்த்த இன்னும் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ. சொந்த ஊர் ஏன் ஜெயிக்கிறது என்று நீ கூனிமேட்டில் கேட்டாயே, உன் பதிலோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள் என்று அத்தனை பேரும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

உன் காரியத்தன்று நானும் மேரியும் புறப்பட்டோம். “நீ மட்டும் போனா சாத்துவாங்க, நானும் வர்றேன்” என்றாள். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனோம். உங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எல்லாக் கண்ணும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. எங்கள் பக்கம் ஒரு ஆள் கிடையாது. நீ எங்கள் ஊருக்கு எப்படித்தான் சிரித்துக்கொண்டே வந்தாயோ.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மீனாவைக் கூப்பிட்டு, உன் டீமில் இருந்தவர்களையெல்லாம் கூட்டச் சொன்னேன். ஆறு பேர் வந்தார்கள். உங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். “அன்னிக்கு அவ தொட்டா. நான் பார்த்தேன். தப்பா ஊதினேன். அப்புறம் தெரிஞ்சே தடத்தை மிதிச்சேன்.” மேரி, “நானும் சாட்சி” என்றாள்.

யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை. மாஸ்டர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தெருவோடு போய்விட்டார். கேப்டன் பொறுப்பிலிருந்து உன்னை எடுத்தவர் அவர்தானாம். மீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றாள். “சாவுக்கு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம். அக்கா காலப் புடிச்சாவது நான் அழுதிருப்பேன்ல?”

என் பாரத்தை இறக்கப் போய், அதை அவள் தலையில் ஏற்றிவிட்டு நின்றேன். இன்றுவரை மீனா என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

புறப்படுகிற நேரத்தில் உன் அம்மா உள்ளே கூப்பிட்டார். உன் படத்துக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. காலில் விழப்போனேன். பிடித்து உட்கார வைத்தார்.

“எனக்கு எப்பவோ தெரியும்மா” என்றார். “அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததுமே சொல்லிடுச்சு. ‘தொட்டுட்டேம்மா. விசிலு பார்த்தா. பாவம், அவ ஊரே அவ முதுகாண்ட நின்னுக்கினு கத்துச்சு. நம்ம ஊர்ல ஆட்டம் வச்சு, நான் விசில் வச்சிக்கினு நின்னிருந்தா நானும் அப்டித்தான் ஊதியிருப்பேன்’னு சொல்லுச்சு. யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு.”

‘நானும் அப்டித்தான் ஊதியிருப்பேன்’ என்ற அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஒன்றரை வருஷமாக அது என்னோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இருக்கிறது, பூசையில் இருக்கிறது, விசிலை வாயில் வைக்கிற ஒவ்வொரு முறையும் இருக்கிறது. சில நாள் அதை நம்பிப் பார்க்கிறேன். நானும் நீயும் ஒன்றுதான், நின்ற இடம்தான் வேறு என்று நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

ஆனால் அந்த வேனை நினைத்தால் நம்ப முடியவில்லை. அங்கே இருந்தது உன் ஊர். உன் மாமன், உன் சித்தப்பா, உன்னோடு ஆடின பெண்கள், அத்தனை பேரும் உன் காதில் கத்தியிருக்கிறார்கள். கையில் கட்டை வேறு. நீ வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். தோள் தூக்கிப் போடாமல் நின்றிருக்கிறாய்.

நீ அப்படி ஊதியிருக்க மாட்டாய். உனக்கே அது தெரியும். என்னைக் காப்பாற்ற வேனில் ஒரு பொய் சொன்னாய். அதை நான் திருத்திவிட்டேன், தாமதமாக. வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்ன இரண்டாவது பொய்யை என்னால் திருத்த முடியவில்லை. அன்றைக்கு அவர் அதை நம்பிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டார்.